ஆச்சி ரிமோட்டைத் தொடாத சூப்பர்ஹீரோ தொடர்: எழுத நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேரள எல்லையோரம், செங்கோட்டை பக்கத்துப் புளியரையில் எங்கள் வீட்டில் டிவி ஒன்று, ரிமோட் ஒன்று. ரிமோட் ஆச்சி மடியில்தான் இருக்கும். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தாள் என்றால் பத்து மணி வரை என்ன ஓட வேண்டும் என்பது அவள் முடிவு. தமிழ் சேனலும் பார்ப்பாள், மலையாள சேனலும் பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. அதுவரை மலையாளப் பக்கத்தோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பழைய எல்லை போய் இத்தனை வருஷமாகியும் பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம், பரோட்டாவுக்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பகலில் எனக்கு ஜெராக்ஸ் கடை, ராத்திரியில் கதை எழுதும் பழக்கம். ஒரு சாரல் சீசன் முழுக்க உட்கார்ந்து பத்து எபிசோடு சூப்பர்ஹீரோ தொடர் ஒன்றுக்குக் கதைச்சுருக்கம் எழுதினேன். விண்கல் விழுகிறது, இளைஞனுக்குச் சக்தி வருகிறது, சென்னையை அழிக்க ஒருவன் வருகிறான். சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனம் நாலு மாதம் வைத்திருந்து ஒரே வரியில் திருப்பி அனுப்பியது. கோபத்தோடு ஆச்சியிடம் அதே கதையைச் சொன்னேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏல, அந்தப் பயலுக்கு அம்மை இல்லையா?"

இருந்தாள். நான்தான் அவளை எழுதவில்லை. அப்புறம் நிறையப் பேர் பார்த்த தொடர்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எங்கள் வீட்டு ஆட்களைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு, இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையையே கூட இழுத்துக்கொண்டு போகிறேன்.

படி 1: அறையில் யார் யார் என்று எழுதுங்கள்

எல்லோருக்கும் பிடித்த தொடர் என்று யோசித்தால் பேனா நகராது. எல்லோர் என்று ஓர் ஆள் கிடையாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் பெயர் போட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆச்சி, அண்ணன், மதினி, அவர்கள் பையன், நான்.

ஆச்சிக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிய வேண்டும், அநியாயம் செய்தவன் அனுபவிக்க வேண்டும். மதினிக்கு இரகசியம் பிடிக்கும். கதையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது மற்றவர்களுக்கு எப்போது தெரியப்போகிறது என்பதற்காகவே மூன்று வாரம் காத்திருப்பாள். அண்ணன் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு ராத்திரிதான் வீட்டில். டிரைவர் கிளட்சை மிதிக்காமல் கியர் போடுவதை டிவியில் பார்த்துவிட்டால் எழுந்து போய்விடுவார். பையன் ஐந்தாம் வகுப்பு, அவனுக்குச் சக்தியும் சண்டையும்.

ஒரே காட்சியில் இந்த நாலு பேருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு காட்சி என்று பங்கு பிரித்தால் சரிவராது, தன் பங்கு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். இதைப் பழைய அமெரிக்கத் தொடர் ஒன்று அழகாகச் செய்தது. 1966 முதல் 1968 வரை வந்த 'பேட்மேன்', மொத்தம் 120 எபிசோடு. பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் முகத்தில் சிரிப்பே இல்லாமல், மிக மிக நியாயஸ்தனாக, கேலிக்கூத்தான வசனங்களைப் பேசுவார். சிறுவர்களுக்கு அது நிஜ வீரம், பெரியவர்களுக்கு நகைச்சுவை. ஒரே வசனத்தில் இரண்டும் நடக்கும். ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள் வந்தது. முதல் நாள் பேட்மேனை ஏதாவது பொறியில் மாட்டிவிட்டு நிறுத்துவார்கள், மறுநாள் தப்பிப்பான். நம்முடைய மெகா சீரியல் வெள்ளிக்கிழமை செய்கிற வேலைதான் அது.

படி 2: சக்திக்கு முன்னால் சம்பளம்

உங்கள் நாயகனுக்கு, அல்லது நாயகிக்கு, சக்தி வருவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாள், எந்த பஸ், யாரிடம் கடன், வீட்டில் யாருக்கு மருந்து வாங்க வேண்டும். இந்த ஒரு நாளை எழுத முடியவில்லை என்றால் சக்தியைக் கொடுத்துப் பயனில்லை.

'ஸ்மால்வில்' 2001-இல் தொடங்கி 2011 வரை பத்து சீசன் ஓடியது. சூப்பர்மேனின் இளமைக் காலக் கதை. அதை உருவாக்கியவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்: உடையும் கிடையாது, பறப்பதும் கிடையாது. சூப்பர்மேன் கிட்டத்தட்டப் பறக்காமலே பத்து வருஷம்! கடைசி எபிசோடில்தான் அந்த உடை அவன் கைக்கு வந்தது. அதுவரைக்கும் ஓடியது வயலும் வீடும் அப்பா அம்மாவும் பள்ளிக்கூடமும், சொல்ல முடியாத இரகசியமும்தான்.

'தி இன்கிரெடிபிள் ஹல்க்' இன்னும் துணிச்சல். 1978 முதல் 1982 வரை வந்தது. பச்சை மனிதனாக லூ ஃபெரிக்னோ வரும் நேரம் ஒரு எபிசோடில் சில நிமிஷங்கள்தான். மீதி நேரம் முழுக்கப் பில் பிக்ஸ்பி நடித்த டேவிட் பேனர். ஒவ்வொரு ஊரிலும் வேறு பெயரில் கூலி வேலைக்குச் சேருவான், அங்கே ஒரு குடும்பத்தின் சிக்கலில் மாட்டுவான், கோபம் வரும், உருமாறுவான், அப்புறம் அந்த ஊரில் இருக்க முடியாமல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் லிஃப்ட் கேட்டு நிற்பான். பின்னால் ஒரு சோகமான பியானோ. அந்தக் கடைசிக் காட்சிக்குச் சூப்பர்ஹீரோ ரசிகனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை தேடி ஊர் ஊராகப் போன எவனுக்கும் அது புரியும்.

நான் 'சக்திமான்' பார்த்த கதையும் இதுதான். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்தது. எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு பத்திரிகை ஆபீஸில் போட்டோகிராஃபராக வேலை பார்க்கும் கங்காதர் ஒருவன், விரலைத் தூக்கிச் சுழன்றால் சக்திமான் இன்னொருவன் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே புரிந்துவிட்டது. முகேஷ் கன்னா அந்த அசட்டு ஆளை ஏனோதானோவென்று நடிக்கவில்லை, அவனுக்கும் நடை, குரல், கூச்சம் எல்லாம் இருந்தன. அப்புறம் கடைசியில் குழந்தைகளுக்கு ஒரு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கும் பகுதி வரும். எங்களுக்கு அது போர். ஆனால் அதைக் காட்டித்தான் அம்மாவிடம் அனுமதி வாங்கினோம். ரிமோட் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு சாக்கு கொடுப்பதும் எழுதுகிறவர் வேலைதான்.

என் கதையில் இப்போது விண்கல் இல்லை. முப்பிடாதி இருக்கிறாள். எங்கள் பக்கத்து அம்மன் பெயர், தெருவுக்கு ஒருத்திக்கு வைத்திருப்பார்கள். வயது 26. புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஓர் எடைமேடையில் ராத்திரி ஷிப்ட். மலை ஏறும் லாரிகளை நிறுத்து எடைச்சீட்டு கிழித்துக் கொடுப்பாள். வீட்டில் அம்மா, படிக்கிற தம்பி, அப்பா வைத்துவிட்டுப் போன கடன்.

படி 3: சக்திக்கு ஒரு சட்டம் போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். முதல் தடவை நான் ஏமாந்ததும் இங்கேதான். என் விண்கல் இளைஞனால் என்னவெல்லாம் முடியும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எது முடியாது என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் முடிகிறவனைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

சக்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் அதை வகுப்பில் இன்னொருவனுக்குத் தப்பில்லாமல் சொல்ல முடிய வேண்டும். முப்பிடாதிக்கு நான் எழுதிய வாக்கியம்: மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டால், தொட்ட பொருளின் எடை இன்னொரு கைக்குப் போகும்.

அடுத்தது, வரம்பு. மூச்சு அடக்க முடிகிற நேரம்தான் சக்தியின் நேரம். எடை எங்கேயும் காணாமல் போகாது, ஒரு கையால் எடுத்தால் மறு கையால் எங்காவது இறக்கி வைத்தே ஆக வேண்டும். இறக்க இடம் கிடைக்காவிட்டால் அவள் மேல்தான் விழும். இப்படி இரண்டு வரம்பு போட்டதும் கதை தானாக ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு சண்டையிலும் பார்க்கிறவர்கள் அவளுக்கு முன்னாலேயே யோசிப்பார்கள்: எதில் இறக்கி வைப்பாள்? பாறையிலா, பாலத்திலா, எதிரே நிற்கிற ஆள் மேலேயா? மூச்சு விஷயம் தற்செயலாக வந்தது. எழுதிய பிறகுதான் தோன்றியது, அவள் மூச்சை அடக்கினால் கூடத்தில் இருக்கிற பையனும் அடக்குவான். காசு செலவில்லாமல் அவனைக் கதைக்குள் இழுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தைகள் பார்த்ததைச் செய்வார்கள். சக்திமான் மாதிரிச் சுழன்று விழுந்து முட்டி தேய்த்துக்கொண்டவன் நான். தன்னைப் பார்த்து ஆபத்தான வேலை செய்யாதீர்கள் என்று முகேஷ் கன்னாவே குழந்தைகளிடம் சொல்ல வேண்டி வந்தது. உயரத்திலிருந்து குதிப்பது, நெருப்பில் கைவைப்பது போன்றவற்றைச் சக்தியின் அடையாளமாக வைக்காதீர்கள். முப்பிடாதியும் நீண்ட நேரம் மூச்சடக்குகிறவளாக இருக்கக் கூடாது என்று விநாடிக் கணக்கை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, விலை. சக்தியைப் பயன்படுத்தினால் எதையாவது இழக்க வேண்டும், அந்த இழப்பு வீட்டுக்குள் தெரிய வேண்டும். முப்பிடாதி ஒவ்வொரு தடவை எடையைக் கடத்தும்போதும் அதில் கொஞ்சம் அவள் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. ஆள் பார்க்க அதே ஒல்லிதான். ஆனால் கயிற்றுக் கட்டில் முன்னைவிடத் தொய்கிறது. தம்பி சைக்கிளில் பின்னால் உட்கார வைத்தால் டயர் அமுங்குகிறது. ரேஷன் கடைத் தராசுப் பக்கம் அவள் போவதே இல்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, மறுநாளும் தொய்ந்திருப்பதைப் பார்க்கிறாள். மதினிக்கு இந்த ஒரு கயிறு போதும், எட்டு எபிசோடு உட்காருவாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தும் சும்மா இருக்கிறாளா?

அம்மா என்றதும் ஒன்று. 2022-இல் வந்த 'மிஸ் மார்வெல்' ஆறே எபிசோடு. நியூ ஜெர்சியில் ஒரு பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண் கமலா கான். அதில் அவளுடைய சூப்பர்ஹீரோ உடையைக் கடைசியில் அவளிடம் கொடுப்பது அவள் அம்மா. எத்தனையோ சண்டைக் காட்சி செய்யாத வேலையை அந்த உடை செய்தது. மகளுக்குச் சக்தி இருப்பதை அம்மா ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு வேறு வசனம் தேவைப்படவில்லை. ஆச்சி கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்திருக்கிறது.

படி 4: வில்லனுக்கும் ஒரு வீடு

கூடத்தில் உட்கார்ந்து திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆனால் திட்டிக்கொண்டே 'அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கே' என்று ஒருவராவது முணுமுணுத்தால்தான் மறுநாள் பேச்சு நீளும்.

மிஸ்டர் ஃப்ரீஸ் என்கிற வில்லன் பேட்மேன் கதைகளில் பல வருஷம் ஒரு கோமாளிதான், பனித்துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிகிற ஆள். 1992-இல் வந்த கார்ட்டூன் தொடரில் அவனுக்கு நோயாளி மனைவி ஒருத்தியைக் கொடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற உறைய வைத்திருக்கிறான், அந்த முயற்சியை ஒரு முதலாளி கெடுத்துவிடுகிறான். இருபத்துச் சொச்ச நிமிஷக் கார்ட்டூன், திரைக்கதைக்கு எம்மி விருது வாங்கியது. துப்பாக்கி பழையதுதான், மனைவி மட்டும்தான் புதிது.

மலைக்கு அந்தப் பக்கத்து உதாரணம் எங்களுக்கு இன்னும் நெருக்கம். 2021 டிசம்பரில் வந்த 'மின்னல் முரளி' சினிமாதான், தொடர் இல்லை, ஆனாலும் இந்தப் படிக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருவன் தையல்காரன், அவன் நாயகன். இன்னொருவன் ஊரே ஒதுக்கி வைத்த ஷிபு. அந்த ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். படம் முடிந்ததும் எங்கள் வீட்டில் நாயகனைப் பற்றி யாரும் பேசவில்லை. "அந்த மனுசன் இத்தன வருசம் காத்துக் கெடந்தானே" என்று மதினி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி, எல்லையோர ஊரில் வில்லன் யார்? உலகத்தை அழிப்பவன் இங்கே வர மாட்டான். எங்களுக்குத் தெரிந்த அநியாயம் லாரியில் வரும். இங்கிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு லாரிகள் மலை ஏறுகின்றன. அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கழிவும் கோழிக் கழிவும் ஏற்றிவந்து இந்தப் பக்கம் குளத்தோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எல்லையோரக் கிராமங்களில் ஜனங்களே லாரியை மறித்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். கைக்குச் சுலபமாக வருகிற வில்லன் மலையாளி. அப்படி எழுதினால் பார்க்கிறவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள், அது உண்மையும் இல்லை. அங்கே ஏற்றிவிட ஒருவன் இருந்தால் இங்கே இடம் காட்டிக் காசு வாங்க ஒருவன் இருப்பான். என் வில்லன் இங்கே இருப்பவன். முப்பிடாதி 'மாமா' என்று கூப்பிடும் லாரி புரோக்கர். அவள் அப்பா செத்தபோது காரியத்துக்குப் பணம் கொடுத்தவன், எடைமேடை வேலை வாங்கிக் கொடுத்தவன், கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுச் செலவு முழுக்க அவனுடையது. ஊரில் நாற்பது பேருக்கு அவனால்தான் பிழைப்பு. அவனைப் பிடித்துக் கொடுத்தால் அந்த நாற்பது வீட்டு அடுப்பு என்ன ஆவது என்று அவனே அவளிடம் கேட்பான், கத்தாமல், டீயை ஆற்றிக்கொண்டே. அவளுக்குப் பதில் தெரியாது. எனக்கும் மூன்றாவது எபிசோடு வரை தெரியாது.

படி 5: பாதியில் வந்து உட்காருபவருக்கு இடம் விடுங்கள்

அண்ணன் வாரத்தில் இரண்டு நாள்தான் பார்ப்பார். சாரல் காற்றில் எங்கள் ஊரில் கரண்டு போய் வரும். ஆகவே ஒவ்வொரு எபிசோடிலும் தொடங்கி முடிகிற ஒரு சிக்கல் வேண்டும், அதற்கு அடியில் சீசன் முழுக்க ஓடும் ஒரு நூல் வேண்டும். அன்றைய சிக்கலை அன்றே முடித்துவிடுங்கள், நூலை மட்டும் இரண்டு அங்குலம் இழுங்கள்.

நூலுக்கு நல்ல உதாரணம் 2021-இன் 'வாண்டாவிஷன்'. ஒன்பது எபிசோடு. ஆரம்ப எபிசோடுகள் பழைய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர் மாதிரியே இருக்கும், கறுப்பு வெள்ளையில்கூட. சிரித்துக்கொண்டே இருக்கும்போது எங்கோ ஒன்று நெருடும். கடைசியில் பார்த்தால் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் துக்கம். அதற்கு முன்னால் வந்த சினிமாக்களைப் பார்க்காதவர்களுக்கும் அந்தத் துக்கம் மட்டுமாவது புரிந்தது.

நம் ஊரில் இதைச் செய்து காட்டியவர்கள் 'மர்மதேசம்' குழுவினர். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் வந்தது. ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி தண்டிக்கிறாரா, இல்லை மனுஷ வேலையா? இந்த ஒரு கேள்வியில் சாமியை நம்புகிற ஆச்சியும் நம்பாத தாத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அதைச் சூப்பர்ஹீரோ தொடர் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கென்னவோ நம்மிடம் இருப்பதிலேயே அதற்குப் பக்கத்தில் வருவது அதுதான் என்று படும். கோட்டவாசல் கருப்பசாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மலை ஏறும் டிரைவர்களைத் தினமும் பார்க்கிறவனுக்கு, முதுகில் கேப் கட்டிய ஆள் புதுசு, காவலுக்கு நிற்கிற ஆள் புதுசில்லை.

படி 6: பேச்சை மொழிபெயர்க்காதீர்கள்

முப்பிடாதியிடம் வருகிற டிரைவர்களில் பாதிப் பேர் மலையாளம் பேசுவார்கள். அதை மலையாளமாகவே விடுங்கள். கீழே ஓடுகிற எழுத்தை ஆச்சி படிக்க மாட்டாள், படிக்க வேண்டிய அவசியமும் இல்லாதபடி காட்சியை அமையுங்கள்:

"எந்தா மோளே, பாரம் கூடுதலா?"

"கூடுதல்தான் சேட்டா. ரெண்டு டன்னு எறக்கிட்டு வாங்க."

"ஈ ராத்திரியிலோ?"

"மழைக்கு முன்னால எறக்குங்க. அப்புறம் மலையே எறக்கிரும்."

கேள்வி புரியாதவருக்கும் பதிலில் கேள்வி புரிந்துவிடும். இரண்டு மொழிக்கும் ஒரே சொல் வேறு வேறு பொருளில் இருப்பதை வைத்து ஒரு திருப்பம்கூடச் செய்யலாம். 'வெள்ளம்' அவர்களுக்குத் தண்ணீர், நமக்குப் பெருக்கு. பழைய ஜோக்குதான். ஆனால் கொட்டும் மழையில், விபத்தில் சிக்கிய டிரைவர் "வெள்ளம்... வெள்ளம்..." என்று முனகும்போது, கேட்டவர்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்து ஓட, ஒருத்தி மட்டும் தண்ணீர் பாட்டிலோடு அவனிடம் போனால் அது ஜோக்காக இருக்காது.

இன்னொன்று, சூப்பர்ஹீரோ பஞ்ச் வசனம் பேச ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

படி 7: காசில்லாமல் கனம் காட்டுவது

கிராஃபிக்ஸுக்குக் காசு இல்லை என்று புலம்புகிறவர்கள் 2015-இன் 'டேர்டெவில்' இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். கடத்தப்பட்ட ஒரு சிறுவன், நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள். வெட்டே இல்லாதது போல ஒரே ஓட்டமாகப் படமாக்கிய சண்டை. அதில் நாயகன் களைத்துப் போகிறான், சுவரில் சாய்கிறான், தள்ளாடி எழுந்து மறுபடி அடிக்கிறான். அவன் எவ்வளவு பலசாலி என்பதைவிட எவ்வளவு களைத்துவிட்டான் என்பதுதான் நம்மைப் பிடித்து வைக்கிறது.

முப்பிடாதியின் முதல் சக்திக் காட்சியை நான் இப்படி எழுதியிருக்கிறேன். மலைப்பாதையில் எஸ் வளைவு. மழை. டாரஸ் என்கிற பெரிய லாரி ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மண்ணில் புதைந்திருக்கிறது. கிளீனர் பையனின் கால் அடியில். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எடைமேடையில் சிவப்பு எழுத்தில் 52,340 கிலோ என்று அதே லாரிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறோம், அதனால் அந்த எண் நம் மனதில் இருக்கிறது. அவள் லாரியின் பக்கப் பலகையில் ஒரு கையை வைக்கிறாள். மறு கை ரோட்டோரக் கல்மதிலில். மூச்சை இழுக்கிறாள்.

இனி லாரியைக் காட்ட வேண்டாம். நசுங்கிக் கிடந்த டயர் மெல்ல உருண்டை பிடிப்பதைக் காட்டுங்கள். ஸ்பிரிங் பட்டைகள் ஒவ்வொன்றாக விரியும் 'டிக், டிக்' சத்தம். டயர் அழுத்திய குழிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது. அந்தப் பக்கம் மதிலின் ஒரு கல் மட்டும் தரைக்குள் போகிறது. அப்புறம் அடுத்த கல். இரண்டு டிரைவர்கள் ஏன் என்றே தெரியாமல் லாரியை உந்த, அது முறத்தைப் போல நகர்கிறது. பையனை இழுத்துவிட்டார்கள். அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு விட முடியாமல் நிற்கிறாள்.

இதற்கு ஒரு பழைய டயர், ஒரு கார் ஜாக்கி, களிமண் போதும். அண்ணனிடம் காட்டினேன். ஸ்பிரிங் பட்டைச் சத்தம் 'டிக்' என்று வராது, 'டங்' என்றுதான் வரும் என்றார். மாற்றிவிட்டேன்.

படி 8: ரத்தம் எவ்வளவு

2019-இல் தொடங்கிய 'தி பாய்ஸ்' எனக்குப் பிடித்த தொடர். சூப்பர்ஹீரோக்களைக் கம்பெனி வைத்து விற்கிற உலகத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறது. நிறையப் பேர் பார்க்கிறார்கள், ஆனால் அவரவர் போனில், இயர்போன் மாட்டிக்கொண்டு. நிறையப் பேர் தனித்தனியாகப் பார்ப்பது ஒன்று, ஒரே கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பது வேறொன்று. எது வேண்டும் என்று முதல் பக்கம் எழுதும் முன்னால் முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் இரண்டு கூட்டமும் போய்விடும்.

படி 9: நோட்டின் பின்பக்கத்தில் வரைய ஒரு குறி

பையன் மூன்று கோட்டில் வரைய முடிகிற அடையாளம் ஒன்று வேண்டும். எனக்கு அது தராசு முள். மழைக்கோட்டு போட்ட உருவம், நெஞ்சில் ஒரு முள். அவ்வளவுதான். உடைக்கு இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

படி 10: இரண்டாவது சீசனை முதலிலேயே நினையுங்கள்

2006-இல் 'ஹீரோஸ்' வந்தபோது முதல் சீசனைக் கொண்டாடினார்கள். சாதாரண மனிதர்கள், ஆளுக்கு ஒரு சக்தி. அப்புறம் சரிந்தது. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் இரண்டாவது சீசன் 11 எபிசோடோடு நின்றது ஒரு காரணம். கதைக்குள்ளேயே இன்னொரு காரணம் இருந்தது. பிறர் சக்தியைத் தனதாக்கிக்கொள்ளும் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். அவர்களிடம் சக்தி சேரச் சேர, எந்தச் சிக்கலுக்கும் அவர்களையே கூப்பிட்டால் முடிந்துவிடுமே என்று ஆகிவிட்டது. கட்டிப்போடவே ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சீசனில் சக்தியைக் கூட்டாதீர்கள், விலையைக் கூட்டுங்கள். முப்பிடாதி இரண்டாவது சீசனில் அதே மூச்சு, அதே இரண்டு கைதான். ஆனால் தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் கால் வைக்கவே யோசிக்கும் அளவுக்குக் கனத்துப் போயிருப்பாள். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. இத்தனை ரயிலைச் சுமந்த பாலம் தன்னைச் சுமக்குமா என்று அவள் நின்று யோசிக்கிற இடத்தில் சீசனைத் தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

சோதித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் யாரிடமும் 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வாய்விட்டுக் கதையாகச் சொல்லுங்கள், சொல்லும்போது யார் எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

போன வாரம் கரண்டு போன ஒரு ராத்திரி, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் முதல் எபிசோடை எங்கள் வீட்டில் சொன்னேன். மாமா டீ ஆற்றும் காட்சி கொஞ்சம் நீளம், பையன் நெளிந்தான். கட்டில் கயிறு வந்தபோது மதினி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். எஸ் வளைவுக் காட்சியில் லாரி நகர்ந்துவிட்டது, பையனை இழுத்துவிட்டார்கள், நான் வேண்டுமென்றே நிறுத்தி அவள் கழுத்து நரம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டில் ஆச்சி அதட்டினாள்: "ஏல, அந்தப் புள்ளைய மூச்சு விடச் சொல்லுலே!"

பதினொரு விநாடி என்று எழுதியிருந்தேன். ஒன்பதாகக் குறைத்துவிட்டேன்.